பின்சக்கரத்துக்கு நாற்பத்து நான்கு

வெயில் ஏறுவதற்கு முன்பே ரோரி காற்றுப் பார்த்து முடித்துவிட்டான். காரின் முன்சக்கரங்களுக்கு முப்பத்தாறு. பின்சக்கரங்களுக்கு நாற்பத்து நான்கு. காருக்குப் பின்னால் கோத்த கேரவன் வண்டிவீட்டின் முன்பக்கப் பாரம் முழுக்க அவற்றின் தலையில்தான் விழும். கேரவனின் சக்கரங்களுக்கு ஐம்பது. ஒவ்வொரு வால்விலும் காற்றை அளக்கும் கேஜை இரண்டு முறை வைத்துப் பார்த்தான். இரண்டு முறையும் ஒரே எண். மூடிகளைத் திருகிவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"சக்கரம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாம எந்திரிக்கணும்" என்பாள் அவன் மனைவி தாம்சின். ஓடிய சக்கரமும் வெயில் பட்ட சக்கரமும் கூட்டித்தான் காட்டும். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த சக்கரம்தான் உண்மை சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து கேஜ் அவள் கையில், மூடிகள் இவன் கையில். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்வது மாதிரி. இவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். போன குளிர்காலத்தில் ஒரு காலை, கெட்டிலை அடுப்பில் வைத்தவள் அப்படியே விழுந்தாள். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய். இருபத்தொன்பது வயது. கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருந்தது. அந்த நாளில் ரோரிக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

கேரவன் தாம்சினின் அப்பாவுடையது. போகும்போது மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று விட்டுப் போனார். மகளின் பாதி இப்போது ரோரிக்கு. மற்றப் பாதி அவள் அண்ணன் டென்சிலுக்கு. ஒரு கேரவனை எப்படிப் பாதியாக்குவது என்று யாரும் யோசிக்கவில்லை. அது டென்சிலின் கொட்டகையில் நிற்கும், கோடையில் இவர்கள் எடுத்துப் போவார்கள், திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

இப்போது யோசிக்கவேண்டி வந்தது. மேற்கே கடலோர ஊரான ஸ்ட்ரீக்கி பே பள்ளிக்கூடத்தில் ரோரிக்குக் கணக்கு வாத்தியார் வேலை. அந்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடும் இல்லை. கடலோரத்தில் கேரவன் நிறுத்த ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டான். கேரவன் வந்தால் வேலையும் இருப்பிடமும் உண்டு. வராவிட்டால் போர்ட் அகஸ்டாவில் அதே வீடு, அதே சமையலறை, அதே அடுப்பு.

டென்சில் கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்பத்தைந்து வயது, தானிய லாரி ஓட்டிப் பழகிய தோள். கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கொக்கியைக் காலால் உதைத்துப் பார்த்தான். சங்கிலியை இழுத்துப் பார்த்தான். குறை ஒன்றும் கிடைக்காததில் அவனுக்கு வருத்தம்தான்.

"உள்ள என்ன வச்சிருக்கே? இவ்வளவு தாழ்ந்து நிக்குது."

"புஸ்தகம்."

"புஸ்தகமா. கணக்கு வாத்தியாருக்கு எதுக்குப்பா புஸ்தகம், பத்து விரல் இருக்கே. எல்லாத்தையும் பின்பக்கம் அடுக்கிட்டியா?"

"நடுவுல. சக்கரத்துக்கு மேல. கோதுமைக் கிடங்கு எடைமேடையில ஏத்திப் பார்த்துட்டேன். கொக்கி மேல விழுற பாரமும் பார்த்துட்டேன்."

"பார்த்துட்டியா." டென்சில் தாடையைச் சொறிந்தான். "சரி, இப்படி வச்சுக்குவோம். பூச்சேரா முச்சந்தி வரைக்கும் நான் பிக்கப்ல உன் பின்னாடியே வர்றேன். நடுவுல எங்கயாச்சும் நான் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி ஆச்சுன்னா, அங்கேயே திருப்பி இந்தக் கொட்டகைக்கே கொண்டாந்துருவேன். ஆகலைன்னா நீ கொண்டு போ. உன் பாதி எங்க வேணா போகட்டும் வாத்தியாரே. என் பாதி பள்ளத்துல கவுழக் கூடாது."

"நியாயம்தான்."

"கோபமில்லையே?"

"இல்லை."

உண்மையில் இல்லை. கோபம் வருவதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவனிடம் கொஞ்ச காலமாக இல்லை. ஆனால் சந்தேகமும் இல்லை. எண்கள் சரி, பாரம் சரி, பாதை நேர்ப்பாதை. நேர்ப்பாதைகளில் தாம்சின் அவனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். தூங்கினாளே, அது போதும்.

*

அயர்ன் நாப் என்ற ஊரைத் தாண்டும் வரை, இரண்டு வண்டிக்கும் இடையே பேசும் ரேடியோவில் டென்சிலின் வாய் ஓயவில்லை.

"வலது பக்கம் லேசா ஏறுறே."

"காத்து அடிக்குது."

"காத்து எனக்கும்தான் அடிக்குது. எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் விரலைத் தூக்கிக்கிட்டுதானே வர்றே?"

எதிரே கேரவன் இழுத்து வருகிறவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிப் போவார்கள். வணக்கம் சொல்வது போல. ரோரியும் தூக்கினான்.

"மரியாதைக்கு."

"மரியாதை அப்புறம். ரெண்டு கையாலயும் பிடி."

இரண்டு பக்கமும் குட்டை மரங்களும் உப்புப் புதரும். கார் தண்டவாளத்தில் போவது போல் போனது. கேரவன் பின்னால் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சரியாக இழுக்கிறாய் என்பதற்கு அதுதான் அடையாளம் என்பாள் தாம்சின். இருப்பதே தெரியக் கூடாது.

கிம்பாவில் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார்கள். ரோரி கேஜை எடுத்துக்கொண்டு காரின் பின்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தான். இந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. கேரவன் பக்கத்தில் ஒருவன் குனிந்தால் போதும், எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து நின்றுவிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டு நாட்டைச் சுற்றுகிறவர்கள். நேரம் நிறைய. அபிப்பிராயம் அதைவிட நிறைய.

முதலில் வந்தவர் மெர்வ். முழங்கால் வரை காலுறை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கேஜ்.

"எவ்வளவு காட்டுது தம்பி?"

"ஐம்பது."

"இரு, என்னோடதை வைக்கிறேன்." வைத்தார். "நாப்பத்தெட்டு."

அதற்குள் டென்சில் வந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் கேஜை உருவினான், பேனா மாதிரி நீளமானது. அவன் அப்பா முப்பது வருடம் வைத்திருந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வால்வில் வைப்பான்.

"ஐம்பத்து நாலு" என்றான், தீர்ப்புச் சொல்கிறவனைப் போல.

பக்கத்துக் கேரவனிலிருந்து கிளெனிஸ் என்றொரு அம்மாள், கக்கத்தில் ஒரு குட்டி நாயோடு இறங்கி வந்தாள். "நகருங்க எல்லாரும். என்னோடது பேட்டரி போட்டது. என் வீட்டுக்காரரோட கேஜைவிட நம்பலாம். வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்றேன்." குனிந்து வைத்தாள். "ஐம்பது."

"நாலு கேஜ், மூணு நம்பர்" என்றார் மெர்வ். "நடுவுல இருக்கிறதை வச்சுக்க தம்பி."

"நடுவுல இருக்கிறதுதான் என்னோடது" என்றான் ரோரி.

டென்சில் சிரிக்கவில்லை. "காலையில நாப்பத்து நாலு வச்சதாச் சொன்னே. இப்ப ஐம்பத்து நாலு. பத்து ஏறியிருக்கு. இறக்கு."

"சூட்டுல ஏறும். ஏறட்டும்."

"வெடிக்கட்டும்கிறியா?"

"வெடிக்காது. காத்து கம்மியா இருந்தாத்தான் டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், கிடுகிடுன்னு ஏறும். சரியா இருந்தா அஞ்சாறு ஏறி நின்னுக்கும். ஆறு ஏறியிருக்கு. நான் வச்சது சரி."

"பத்து ஏறியிருக்குங்கிறேன் நான்."

"உன் பேச்சுக்கே வர்றேன். பத்து ஏறினா காத்து கம்மின்னு அர்த்தம். கம்மியா இருக்கிறதை இன்னும் எதுக்கு இறக்கச் சொல்றே?"

கிளெனிஸ் அம்மாள் சிரித்துவிட்டாள். நாயும் ஒருமுறை குரைத்தது. டென்சிலின் கழுத்து சிவந்தது. "சூடா இருக்கிறப்ப தொடாதேன்னு எங்க ஊர் மெக்கானிக்கும் சொல்வான்" என்று அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மெர்வ் மட்டும் நின்றார். "எங்க காலத்துல இறக்குவோம்" என்றார் வானத்தைப் பார்த்து.

ரோரி வாக்குவாதத்தை அங்கேயே விட்டான். கறி வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டி வாங்கிவரப் போனான். உள்ளே பெரிய வரிசை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். வெளியே வந்தபோது மெர்வைக் காணோம். டென்சில் பிக்கப்பில் சாய்ந்து நின்றான். இரண்டு முழங்காலிலும் செம்மண் வட்டமாக ஒட்டியிருந்தது. ரோரி அதைப் பார்த்தான். பார்த்ததோடு சரி, ஒன்றும் நினைக்கவில்லை.

"டர்னிப் கிழங்கே போடலை இதுல" என்றான் டென்சில் வாயில் பேஸ்டியோடு. "இதையெல்லாம் பேஸ்டின்னு விக்கிறான்."

"நல்லாயில்லையா?"

"நல்லாயில்லைன்னு யாரு சொன்னா."

*

கிம்பா தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ரோரிக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. காரின் பின்பக்கம் நெளிந்தது. ஈர மெத்தையில் உட்கார்ந்து ஓட்டுவது போல. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் கார் திரும்பி, ஒரு கணம் கழித்துக் கேரவன் இழுத்து, மறுபடி கார் அசைந்தது. கேரவன் இருப்பது நன்றாகவே தெரிந்தது.

காலையில் இப்படி இல்லை. பாரம் மாறவில்லை. காற்று பக்கவாட்டில் கொஞ்சம் பலமாக அடித்தது, ஆனால் அயர்ன் நாப்பிலும் அடித்ததே. ரோரி வேகத்தைக் குறைத்தான். நிறுத்த ஓர் இடம் தேடினான்.

"ஆடுது" என்றது ரேடியோ.

"தெரியுது. நிறுத்த இடம் பார்க்கிறேன்."

"எதிர்ல லாரி."

மூன்று டிரெய்லர் கோத்த லாரி. தலைவிளக்கு எரிய ஒரு சின்ன ரயில் மாதிரி வந்தது. அது கடந்துபோகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். தள்ளியபோது கார் தாங்கியது. உறிஞ்சியபோது பின்சக்கரங்கள் பக்கவாட்டில் குழைந்தன. கேரவன் ஒருமுறை இடதுபக்கம் வீசியது, பிறகு வலதுபக்கம், மறுபடி இடதுபக்கம், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரியது. கண்ணாடியில் அதன் வெள்ளைச் சுவர் வருவதும் மறைவதுமாக இருந்தது.

"பிரேக்கைப் பிடி ரோரி. பிரேக்கைப் பிடி." டென்சிலின் குரல் உடைந்தது. "பிரேக்கைப் பிடிடா."

ரோரி பிரேக்கைத் தொடவில்லை. காரின் பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும், கேரவன் நிற்காது. அது காரை முந்தப் பார்க்கும். எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கை வெட்டவும் இல்லை. நேராகப் பிடித்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே கேரவனின் பிரேக்குக்கு மட்டும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. கட்டை விரலால் அதைத் தள்ளினான். பின்னால் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. கேரவன் முறுக்கு அவிழ்ந்து நேரானது.  



லாரிகள் நிற்கும் சரளைத் திட்டு ஒன்று வந்தது. சமிக்ஞை போட்டு உள்ளே நுழைந்து, மாலி எனும் குட்டை மரங்களின் நிழலில் நிறுத்தினான்.

டென்சில் பிக்கப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தான். வந்ததும் கையை நீட்டினான். அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"சாவியைக் குடு."

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமும் வேணாம். பேச்சு பேச்சாத்தான் இருக்கணும். நான் ஓட்டறேன். வீட்டுக்குப் போறோம்."

"ஒரு நிமிஷம் டென்சில்."

ரோரி முன்சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தான். சூடு, ஆனால் வைத்திருக்க முடிந்தது. பின்சக்கரத்தில் வைத்தான். கை தானாக விலகிவிட்டது. கையை உதறிக்கொண்டே உள்ளங்கையைப் பார்த்தான். சுட்டது. நன்றாகவே சுட்டது. கேஜை எடுத்து வைத்தான். நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் போய் வைத்தான். அங்கேயும் நாற்பத்தொன்று.

கிம்பாவில் ஐம்பது. ஓட ஓட ஏறவேண்டியது இறங்கியிருக்கிறது. இரண்டு டயரிலும் ஒரே அளவுக்கு ஆணி குத்தாது.

அவன் திரும்பி டென்சிலின் முழங்கால்களைப் பார்த்தான். செம்மண் இன்னும் இருந்தது.

டென்சிலும் குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தான். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"நீ வரிசையில நிக்கிறப்ப" என்றான். "உன் நல்லதுக்குத்தான். வெடிச்சுடும்னு பயந்துட்டேன். மெர்வும் இறக்குன்னாரு."

"மெர்வ் இப்ப எங்க?"

"அவரு போயிட்டாரு."  "நாப்பத்து நாலுக்குத்தானே இறக்கினேன். நீ சொன்ன நம்பர்தானே. காத்து ஒண்ணும் கம்மியாக்கலையே நான்."

"காலையில குளிர்ந்த டயர்ல நாப்பத்து நாலு. நீ சூட்டுல வச்சிருக்கே. அதுவே ஆறு கம்மி. அதுபோக உன் கேஜ் நாலு கூடக் காட்டும். மொத்தம் பத்து எடுத்துட்டே."

"இது அப்பாவோட கேஜ்."

"அப்பா கையில இருக்கிறப்பவே நாலு கூடத்தான் காட்டிச்சு."

"யாரு சொன்னா?"

"தாம்சின்."

டென்சில் கேஜைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்க அப்பா எதிர்ல அதை வச்சுப் பார்ப்பா, சரின்னு சொல்வா. அப்புறம் மனசுக்குள்ள நாலு கழிச்சுக்குவா. உனக்கு அந்தக் கேஜ்னா உயிர், சொன்னா நீ மனசொடிஞ்சு போயிருவேன்னு எங்கிட்டச் சொன்னா."

"கழுதை" என்றான் டென்சில். கொஞ்சம் கழித்து, "அதான் என் பிக்கப் டயரெல்லாம் ரெண்டு ஓரமும் தேயுது. டயர்க்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

ரோரி கேரவன் சக்கரங்களையும் பார்த்தான். ஐம்பத்தாறு. அவை தப்பித்திருந்தன.

"இதை நீ தொடலை."

"தொடலாம்னுதான் இருந்தேன். நீ பேஸ்டியோட வந்துட்டே."

*

உடனே காற்றுப் பிடித்துக்கொண்டு கிளம்பலாம் என்றான் டென்சில். ரோரி மறுத்தான்.

"இப்ப வச்சா அது குத்துமதிப்பு. ஆறட்டும். ஆறினதும் நாப்பத்து நாலு வைக்கிறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ குடிக்கிற நேரம். ரெண்டு டீ."

கேரவன் கதவைத் திறந்து உள்ளே போனான். டென்சில் படியிலேயே நின்றான். ஒரு காலை வைத்து, எடுத்துவிட்டான். கேரவன் மாதக்கணக்கில் அவன் கொட்டகையில்தான் நின்றது, ஆனால் தாம்சின் போனபிறகு அவன் உள்ளே வந்ததே இல்லை என்பது ரோரிக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில்கூட வெளியே சுற்றிச் சுற்றித்தான் பார்த்தான்.

"வா. வெளியில காத்து அடிக்குது."

வந்தான். கதவுக்குப் பின்னால் தாம்சினின் நீல மழைச்சட்டை கொக்கியில் தொங்கியது. டென்சில் அதில் படாமல் பக்கவாட்டில் நகர்ந்து மேஜையருகே உட்கார்ந்தான். ரோரி சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தான்.

"கெட்டில் இல்லையா?"

"இல்லை."

 தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி போனது. கேரவன் லேசாக ஆடியது. டென்சில் சட்டென்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்தான்.

"அப்ப நீ பிரேக் பிடிக்கலை."

"இல்லை."

"நான் பிடின்னு கத்தினேன்."

"கேட்டுச்சு."

"பிடிச்சிருந்தா?"

ரோரி டீயை இரண்டு கோப்பைகளில் ஊற்றினான்.  பதில் இருவருக்குமே தெரியும்.

டென்சில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "காலையில எந்திரிச்சு ஜன்னல் வழியா பார்ப்பேன். கொட்டகையில இது நிக்கும். இது நின்னா, அவ எங்கயோ கடைக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கும். வந்து எடுத்துக்கிட்டுப் போவான்னு." மூக்கைத் துடைத்தான். "முட்டாள்தனம்தான்."

"எனக்கு அந்த வீட்டுல அப்படித்தான் இருக்கு. அதான் போறேன்."

டென்சில் ஒரு மடக்குக் குடித்து முகம் சுளித்தான்.

"சர்க்கரை போடலை நீ" என்றான்.

"டப்பா உன் பக்கத்துலதான் இருக்கு."

இரண்டாவது டீயும் முடிந்தது. ரோரி போய்ப் பின்சக்கரத்தில் கை வைத்தான். நிழலும் காற்றும் வேலை செய்திருந்தன. டயர், பக்கத்தில் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. கேஜ் முப்பத்தைந்து காட்டியது. டென்சில் எட்டிப் பார்த்து வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டான், தன்னைத்தான்.

ரோரி காற்றுப் பம்பை எடுத்து பேட்டரியில் மாட்டினான். மூடியைக் கழற்றியதும், தாம்சின் செய்வதைப் போலவே, அதை யாரிடமோ கொடுக்கக் கை பின்னால் போனது. டென்சில் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டான்.

"இது யார் வேலை?"

"முந்தி என் வேலை. இப்ப உன்னோடது."

பம்ப் கடகடத்தது. "முப்பத்தெட்டு" என்றான் ரோரி. "ஏறுது. நாப்பது. குழாய் கசியலை. நாப்பத்து மூணு, கொஞ்சம் பொறு. நாப்பத்தஞ்சு ஆயிருச்சு, ஒரு துளி விடறேன். இப்ப நாப்பத்து நாலு. இன்னொரு தடவை பார்த்துருவோம். நாப்பத்து நாலு."

நிமிர்ந்தான். டென்சில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"அவ மாதிரியே புலம்பறே."

ரோரி அதைப் பற்றி யோசித்தான். ஆமாம். எப்போது தொடங்கினான் என்று தெரியவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனான். அங்கேயும் எண்களை வாய்விட்டுத்தான் சொன்னான்.

எல்லாம் முடிந்ததும் காரின் கதவருகே நின்றார்கள். சாவி ரோரியின் கையில் இருந்தது. டென்சில் அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலை" என்றான்.

"பிடிக்கலை."

"அப்ப ஓட்டு மாப்ள. இன்னும் பூச்சேரா வரலை, அதுக்குள்ள ஜெயிச்சுட்டதா நினைச்சுக்காதே."

*

அதற்குப் பிறகு கேரவன் இருப்பதே தெரியவில்லை. கியான்கட்டாவில் காற்று இன்னும் பலமானது. இரண்டு பெரிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது தள்ளியது, உறிஞ்சியது. கார் ஒரு தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வழியே போனது. இரண்டாவதும் அப்படியே. ரேடியோவில் டென்சில் வாயைத் திறக்கவில்லை. வுடினாவில் கோதுமைக் குதிர்கள் தெரிந்தபோதுதான் பேசினான்.

"என் பாதி எப்படி வருது?"

"உன் பாதி பின்பாதி. நீதான் பார்க்கணும்."

"நல்லா வருது. உன் பாதிதான் கொஞ்சம் வேகம்."

எதிரே ஒரு கேரவன் வந்தது. ஓட்டுகிறவர் விரலைத் தூக்கினார். ரோரியும் தூக்கினான். சாலை லேசாக வளைந்த இடத்தில், பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த பிக்கப் தெரிந்தது; அதன் ஸ்டீயரிங் மேலும் ஒரு விரல் எழுந்தது.

பூச்சேராவில் ஸ்ட்ரீக்கி பே போகும் சாலை இடதுபக்கம் பிரிகிறது.

"அகலமா எடு" என்றது ரேடியோ. "ஒடிச்சுத் திருப்பினா பின்சக்கரம் ஓரத்துல ஏறும்."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சும்மா சொன்னேன்."

ரோரி அகலமாக எடுத்துத் திருப்பினான். கேரவன் முழுதாக வளைந்து, ஓரத்தைத் தொடாமல் பின்னால் வந்து சேர்ந்தது. டென்சில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முச்சந்தியில் நிறுத்தி, தலைவிளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தான். பிறகு பிக்கப் வளைந்து வந்த வழியே திரும்பியது. கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் வெறும் தூசி.

ரேடியோவில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. அதற்குள்ளிருந்து டென்சிலின் குரல், பாதி வார்த்தை விழுந்தும் விழாமலும்:

"ரோரி. என் சட்டைப் பையில மூடி ஒண்ணு இருக்கு. வால்வு மூடி. குடுக்க மறந்துட்டேன்."

"இருக்கட்டும்."

"தூசி போயிடும்டா உள்ள. நான் கொண்டாந்து குடுக்கிறேன். அடுத்த வாரம்..."

இரைச்சல் மீதியை விழுங்கிவிட்டது. ரோரி ரேடியோவின் பொத்தானை அழுத்தி, "வா" என்றான். கேட்டிருக்குமா என்று தெரியாது. சாலை நேராகக் கடலை நோக்கி இறங்கியது.